கல்லின் வலது பாதி

அத்தையின் பீரோவில் இரண்டே இரண்டு புடவைகள் இருந்தன. ஒன்று வெளுத்துப்போன நீல வாயில் சேலை. இன்னொன்று சமையல் செய்யும்போது கட்டுகிற சுங்குடி, முந்தானை முழுக்க மஞ்சள் கறை. மற்ற தட்டுகளில் ஜெபமாலைகள், பழைய பூசைப் புத்தகங்கள், யாருடையதென்றே தெரியாத மருந்துச் சீட்டுகள், யாருக்கோ கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்த குழந்தைச் சட்டைகள். போன கிறிஸ்துமஸுக்கு என் கணவர் ஆரணிக்கே போய் மெரூன் பட்டு எடுத்து வந்து கொடுத்தார். அதற்கு முந்தின வருஷம் ஒரு பச்சை. அதெல்லாம் எங்கே என்று பீரோவைக் கேட்டால் அது என்ன சொல்லும்? கூடத்தில் அத்தையைக் கிடத்தியிருந்தது. ஜோதியம்மாள் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருநாள் கூடி ஜெபம் சொல்கிற அன்பியத்தில் அத்தைக்கு அடுத்தபடி அவர்தான். குளிப்பாட்டியாகிவிட்டது, நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கொடு என்றார்.

எனக்கு அழுகை வரவேண்டிய நேரத்தில் கோபம் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சு நின்ற மாமியார்மேல் கோபப்படலாமா என்றால், பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருந்தால் நீங்களும் படுவீர்கள். பெயர் ஞானசௌந்தரி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்ததால் ஊருக்கெல்லாம் டீச்சரம்மா. காலை ஐந்தரைப் பூசைக்குப் போவார். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. புதன்கிழமையென்றால் ஆஸ்பத்திரி பெண்கள் வார்டு, வெள்ளிக்கிழமை படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் வீடு, மே மாதம் முழுக்க வீடுவீடாக ஜெபமாலை. போகும்போது கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். வரும்போது கையை வீசிக்கொண்டு வருவார்.

நான் தண்டராம்பட்டுப் பக்கத்துக்காரி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம். உரித்த தோலைக்கூட வீணாக்காமல் அடுப்பில் போடுகிற வீட்டிலிருந்து வந்தவள். காதலித்து, கோவிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி மரிய சந்திரகலாவாகி, இந்த வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதமே எங்கம்மா சீராகக் கொடுத்த குக்கர் காணாமல் போனது. யாரோ பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைக்கப் போன குக்கர், போனது போனதுதான். அடுத்து குடை. அடுத்து புதுப் போர்வை. ஒரு தடவை இட்லிக் குண்டான் மூடி மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். அத்தை பார்த்தார். சிரித்தார். "நல்லது கலா, வீட்ல ஒருத்தராவது பத்திரமா இருக்கணும்" என்றார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பெட்டியைத்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் திறந்தேன். பாட்டில் பச்சை, அரக்குக் கரை. என் அக்கா மகன் காதுகுத்துக்குக் கட்டலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. ஜோதியம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது உன்னுது ஆச்சே என்றார். இந்த வீட்டில் எது யாருடையது என்று அத்தைக்கு எப்போது தெரிந்தது, கட்டுங்கள் என்றேன். கட்டினோம். அந்தப் பச்சை அவருக்கு அவ்வளவு எடுப்பாக இருந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் பாவம். ஆனால் எரிந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தைக்குத் தலைவாரிக் கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. ஆதிமூலம். எங்கள் கோவிலுக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், இருபது வருஷமாக. நான் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போய் எடுத்தேன்.

"கலாம்மா, உங்கூட்டு சார் போன் பண்ணாரு. அப்பா பக்கத்துக் கல்லத் தூக்கிட்டு வெட்டச் சொல்றாரு. நீங்க இன்னும் அவருகிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

"அப்ப நான் கடப்பாரையில கை வைக்கமாட்டேன். வெட்டறப்ப சார் வந்து எட்டிப் பாத்து, உள்ள இன்னொரு பொட்டி இருந்தா என்னைத்தான கேப்பாரு? நீங்க அவர கூட்டிக்கினு வாங்க. நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்."

நாலு மணிக்குக் கோவிலில் பூசை. ஐந்து மணிக்கு அடக்கம். அப்போது மணி ஒன்பதரை. வாசலில் சாமியானா கட்டிக் கொண்டிருந்தார்கள். என் கணவர் இளவரசன் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, வருகிறவர்களிடம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்திலேயே வைக்கிறோம், அப்பா பக்கத்திலேயே இடம் இருக்கு. காலையிலிருந்து அந்த மனுஷனைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்ததே அந்த ஒரு வாக்கியம்தான். அது பொய் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

மாமா ராயப்பன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. சாதுவான மனுஷன். வாழ்நாள் முழுக்கத் தட்டு போட்டுக்கொண்டு மனைவிக்காகக் காத்திருந்தவர். அத்தை வந்து சேரும்போது சோறு ஆறியிருக்கும். சில நாள் சோறே வேறு வீட்டுக்குப் போயிருக்கும். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது மகன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் ஊருக்கு. அதுக்கப்புறமாவது எனக்குடா. அவள எம்பக்கத்துலயே வை." இவர் சத்தியம் செய்து கொடுத்தார். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அடக்கம் முடிந்த கையோடு பங்குச் சாமியாரிடம் பேசிப் பக்கத்து இடத்தையும் கேட்டு வாங்கினார். ஜோடியாக இரண்டு கறுப்புக் கல் போட்டு, தலைமாட்டில் பொதுவாக ஒரு சிலுவைக் கல்லும் நட்டார். அந்தச் சிலுவைக் கல்லின் இடது பாதியில் மாமா பெயர். வலது பாதி வழவழவென்று காலி. என் கணவர் கலெக்டர் ஆபீசில் உதவியாளர். எந்தக் கோப்பிலாவது ஒரு தாள் இடம் மாறி இருந்தால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் தன் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் செய்து முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த காரியம் அந்தக் கல்லறைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஊரடங்கு சமயம். இவர் செக்போஸ்ட் டியூட்டியில் இருந்தார். எங்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று மூன்று வாரம் வெளியிலேயே தங்கிக்கொண்டார். அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு விருந்தினர் விடுதியில் அறை துடைக்கிற வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எங்கே எழவேண்டும், எங்கே முட்டி போடவேண்டும் என்பதில் எங்களைவிட ஒரு நொடி முந்திக்கொள்வாள். எல்லோருக்கும் அவள் இந்திக்காரம்மா. அத்தைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சைகையிலேயே சிநேகம் பிடித்து, பெயர் ஜசிந்தா என்று கேட்டு வந்தார். வெள்ளைக்காரர்களெல்லாம் கிளம்பிப்போய் விடுதியைப் பூட்டிய பிறகும் அவள் ஊருக்குப் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தாள். மஞ்சள் காமாலை வந்தது. அத்தை பாஸ் வாங்கிக்கொண்டு, முகத்தில் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, தினமும் இளநீரும் கஞ்சியும் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார். ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அண்ணன்காரன் போனில் அழுதானே தவிர அவனால் வர முடியாது. ரயில் இல்லை. உடம்பை வைத்திருக்கவும் முடியாது. கல்லறைத் தோட்டத்தில் காலி இடம் ஒன்றுகூட இல்லை. பழைய குழியைத் தோண்டி எலும்பெடுத்து ஒதுக்குவதற்கு இரண்டு நாளாவது ஆகும் என்று ஆதிமூலம் கையை விரித்துவிட்டார். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அத்தை வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல், என்னைக் கூப்பிட்டு என் பெட்டியிலிருக்கிற வெள்ளைப் புடவையைக் கேட்டார். என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தபோது கொல்கத்தாவிலிருந்து வாங்கி வந்தது, வெள்ளையில் சிவப்புக் கரை. ஜசிந்தாவின் ஊரில் நல்ல நாளுக்கு இப்படித்தான் கட்டுவார்களாம், அவள் ஒருதடவை போட்டோ காட்டினாளாம். நானே சாவியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அதற்காக இரண்டு வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். இடத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"என் எடம் சும்மாதான கெடக்குது" என்றார்.

நான் கத்தினேன். மாமா கேட்டது மறந்துவிட்டதா, உங்கள் மகன் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினேன். அவர் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு, நேரம் பார்த்து இளவரசுகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதே என்றார். எனக்குப் பாஸ் இல்லாததால் நான் அடக்கத்துக்குப் போகவில்லை. அன்றிருந்த சாமியார், அத்தை, ஆதிமூலம், பெட்டி தூக்க நான்கு பேர், அவ்வளவுதான். அந்தச் சாமியாரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

அத்தை சொல்லவே இல்லை. ஊரில் யாருக்கு எது தேவையென்றாலும் போய்க் கதவைத் தட்டுகிற மனுஷிக்குச் சொந்த மகனிடம் இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வரும். இவர் காலையிலேயே போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிற வரைக்கும் காத்திருப்பார். அத்தை, மாமாவின் கல்மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். பக்கத்துக் கல்மேல் இன்னொன்று ஏற்றுவார். உயிரோடு இருக்கிறவளுக்கு எதற்கம்மா மெழுகுவர்த்தி, அபசகுனமாக என்று இவர் வருஷாவருஷம் சத்தம் போடுவார். வரப்போற இடம்தானே, வெளிச்சமாக இருக்கட்டும் என்பார் அத்தை. வலப்பக்கக் கல் ஒரு ஓரத்தில் லேசாக இறங்கியிருக்கிறதே என்று ஒரு வருஷம் இவர் குனிந்து பார்த்தார். மழைக்கு இறங்கியிருக்கும்டா என்றார் அத்தை, பூசைக்குப் போய் வந்த அதே வாயால். நான் நான்கு வருஷமும் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

போன மாதம் படுக்கையில் விழுந்தபோதுதான் என் கையைப் பிடித்தார். "நீயே சொல்லிடு கலா. உனக்குத்தான் வாய் இருக்குது" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் தினமும் இன்றைக்குச் சொல்லலாம் என்று பார்ப்பேன். இவர் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பார். எப்படிச் சொல்வது? வாய் இருக்கிறவளுக்கும் சில சமயம் வாய் இருப்பதில்லை.

துணி துவைக்கிற கல்லில் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆதிமூலம் அண்ணன் உங்களை நேரில் வரச் சொல்கிறார், நீங்கள் வந்தால்தான் வெட்டுவாராம் என்றேன். அதுவரைக்கும் உண்மைதான். நானே ஸ்கூட்டரை எடுத்தேன். மாமியார் பிணத்தைக் கூடத்தில் போட்டுவிட்டு மருமகள் புருஷனைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டிக்கொண்டு போனதைச் சாமியானாவுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். மறுநாள் பௌர்ணமி கிரிவலம். வேங்கிக்கால் தாண்டியதுமே ரோட்டில் தடுப்பு வைக்க ஆரம்பித்திருந்தார்கள், பஸ்கள் ஊர்ந்தன. பின்னாலிருந்து அவர், அப்பாவுக்குப் போட்ட மாதிரியே எழுத்து வெட்டச் சொல்ல வேண்டும், தேதி மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை, இதைத் தவிர. இதற்குப் பிறகு என்னை நம்புவாரா என்பதுதான் ரோடு பூராவும் எனக்கு இருந்த ஒரே கேள்வி.

ஆதிமூலம் பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையும் வரிசையாகக் கிடந்தன, மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று இவர் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"இந்த எடம் காலியா இல்லைங்க. அத்தை நாலு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டாங்க."

அவர் கல்லைப் பார்த்தார். மழைக்கு இறங்கியதாகச் சொன்ன அந்த ஓரத்தைப் பார்த்தார். நான் விடுதி, காமாலை, அண்ணன் போன், வெள்ளைப் புடவை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நாலு கல்லறைத் திருநாளுக்கு என்கூட வந்து நின்ன."

"நின்னேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆதிமூலத்திடம், அந்தப் பெட்டியை எடுத்து மூலையில் எங்கேயாவது வைத்துவிடுங்கள், ஃபாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். ஆபீசில் பேசுகிற குரல். ஆதிமூலம் எழுந்து, கடப்பாரையை எடுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"டீச்சரம்மா வெச்ச ஆள நான் எடுக்கமாட்டேன் சார். நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க."

"இது எங்க எடம்யா" என்றார் இவர்.

எனக்கு அதுவரை இருந்த பயம் அந்த இடத்தில் போய்விட்டது. அத்தைமேல் இருந்த கோபம், இவர்மேல் வந்த கோபம், நான்கு வருஷம் உதட்டைக் கடித்த வலி எல்லாம் சேர்ந்துகொண்டது.

"அவங்களுக்கு இந்த ஊர்ல இருக்கிறது இது ஒண்ணுதாங்க. அதையும் புடுங்கிட்டு அத்தைய இங்க படுக்க வெச்சீங்கன்னா, அத்தை எழுந்து வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

அவர் என்னை முறைத்தார். பிறகு மாமாவின் கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன் கலா என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார். காலையிலிருந்து அவர் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. அந்த மட்டும் நிம்மதி. மணி பத்தேகால் ஆகியிருந்தது. அழுதுகொண்டிருந்தால் ஆகாது, யாராவது வழி பார்க்க வேண்டும் என்று ஆதிமூலத்திடம், பக்கத்தில் எங்கேயாவது, மாமாவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

ஆதிமூலம் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வேற எடம் எதுக்கும்மா? டீச்சரம்மா உங்ககிட்ட சொல்லலியா?"

என்ன சொல்லவில்லை என்றேன்.

"அன்னிக்கி ஆறடி வெட்டிட்டு மேல ஏறினேன். இன்னும் ரெண்டடி எறக்குப்பான்னாங்க. கீழ பூரா பாறையா கீது டீச்சரம்மா, கடப்பாரை மழுங்குதுன்னேன். மெதுவா வெட்டு, நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்னாங்க. வெயிலுன்னா வெயிலு, அப்பிடி ஒரு வெயிலு. எதுக்கு டீச்சரம்மா இவ்ளோ ஆழம்னு கேட்டேன். மேல நான் வரணுமில்ல, எங்கூட்டுக்காரரு காத்துக்கினு இருப்பாருன்னாங்க. எட்டடி சார். அந்தம்மா அடியில கீது. மேல தாராளமா எடம் கீது. சார் பாத்துட்டு சத்தம் போடுவாரேன்னுதான் நான் கைய வைக்கல. மத்தபடி எடத்துக்கு என்ன கொறச்சல்?"

இவர் துண்டை இறக்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆதிமூலத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் அழுகிறாரோ என்றுதான் நினைத்தேன். சிரித்தார். சாவு வீட்டு மனுஷன் கல்லறைமேல் உட்கார்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தனியா வரவே தெரியாதா இவங்களுக்கு? அப்பா என்ன சொல்லப்போறாரு தெரியுமா? இப்பவும் ஆளக் கூட்டிக்கினுதான் வந்தியா சௌந்தரின்னு கேப்பாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பதினெட்டு வருஷமாக அத்தைக்குக் கொடுக்கத்தான் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பத்திரமாக இருக்கத் தெரிந்தது எனக்குத்தான் என்று பெட்டிச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தையோ சித்திரை வெயிலில் மண்மேட்டில் உட்கார்ந்து, ஜசிந்தாவுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு, மாமாவுக்குக் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு என்று அடி அடியாக அளந்து இறக்கியிருக்கிறார். யாரிடமும் சொல்லவும் இல்லை. என்ன நெஞ்சழுத்தம். என்ன மனுஷி.

இவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அவங்க பேரு என்னன்னு சொன்ன?"

"ஜசிந்தா."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு வலப்பக்கக் கல்லின் ஒரு மூலையை அவரே குனிந்து பிடித்தார். மறு மூலையை நான் பிடித்தேன். ஆதிமூலம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஒருதடவை வெட்டின மண், லேசாக வரும், மூன்று மணிக்குள் முடித்துவிடலாம் என்றார். திரும்பும்போது வண்டியை அவர் ஓட்டினார். கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தில், இனிமேல் இப்படி எதையும் மறைக்காதே என்றார். மாட்டேன் என்றேன். சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஆட்டோக்காரர்கள், நெற்றியில் திருநீறோடு எங்கள் அப்பா, அம்மா, அக்கா. எனக்குத் தெரியாத முகங்கள்தான் ஜாஸ்தி. அதில் ஒருத்தி அந்த மெரூன் ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு தலையிலடித்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லி முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். குழி ஏன் இவ்வளவு மேலாக இருக்கிறது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஆதிமூலம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு நின்றது. இவர் மூன்று பிடி மண் போட்டார். நானும் போட்டேன். என் பாட்டில் பச்சை, அதற்குக் கீழே என் கொல்கத்தா வெள்ளை. ஒரே குழியில் என் இரண்டு நல்ல புடவைகள். இருக்கட்டும் அத்தை, கட்டிக்கொள்ளுங்கள் இரண்டு பேரும் என்று மனசுக்குள் சொன்னேன்.

மண் மூடிக் கூட்டம் கலைய ஆரம்பித்ததும் இவர் சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்திக் கட்டைப் பிரித்தார். மாமா கல்மேல் ஒன்று நட்டார். புது மண்ணில் ஒன்று நட்டார். அதன் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி, இன்னொன்று நட்டார். அது யாருக்குப்பா என்று ஜோதியம்மாள் கேட்டார். இவர் தலையைத் தூக்காமல் பெயரைச் சொன்னார், தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல். மலைப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் நின்று எரிந்தன, மூன்றாவது மட்டும் அணைந்து அணைந்து போயிற்று. இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மறுபடி தீக்குச்சியைக் கிழித்தார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்துப் பிடித்தேன்.